எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்

எங்கள் ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குவது லேசான காரியம் இல்லை. காசை நீட்டி ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு, "இன்னாத்துக்கு?" என்பார்.

அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் டிக்கெட்.

ஸ்டேஷன் என்று நாங்கள் பெருமைக்குச் சொல்லிக்கொண்டோம். ரயில்வேக்காரர்கள் பாஷையில் அது ஹால்ட். செங்கல்பட்டுக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, வயலைப் பார்த்தாற்போல ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை, அதன் பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை, ஒரு சிமெண்டு பெஞ்சு. பிளாட்பாரம் என்பது ஜல்லி கொட்டி உயர்த்திய மேடுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் விற்பதற்கு ரயில்வே ஒருவரைக் கமிஷனுக்கு அமர்த்தியிருந்தது. அவர்தான் இந்த அம்மாள். ஊரில் எல்லாருக்கும் அவர் டிக்கெட்டம்மா. அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அதை வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் அந்தப் பாதையில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேனாக இருந்து காய்ச்சலில் இறந்துபோனவர் என்று சொல்வார்கள். பிள்ளை குட்டி கிடையாது. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். ஐம்பதுகளில் அந்த ஹால்ட் திறந்தபோதே வந்து உட்கார்ந்தவர், டிக்கெட் அறைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். சுற்று வட்டாரத்தில் அப்போது பஸ் கிடையாது. வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்துகூட மூட்டை முடிச்சோடு நடந்து வந்து வண்டி ஏறுவார்கள். செங்கல்பட்டில் இறங்கி மாறினால் தாம்பரம், பட்டணம். எதிர்ப்பக்கம் போனால் காஞ்சிபுரம், அரக்கோணம். எங்கள் உலகத்துக்கு இருந்த கதவு அந்த ஒற்றை அறைதான். அதில் உட்கார்ந்துகொண்டு இவர் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முதல்முதலாக அந்த ஜன்னலுக்குத் தனியாகப் போய் நின்றது அறுபதுகளின் நடுவில். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் விடமாட்டார். பெரியம்மா வீட்டுக்குக் கத்திரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"செங்கல்பட்டுக்கு ஒண்ணு," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பெரியம்மா வூட்டுக்கு."

டிக்கெட்டம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தார்.

"பெரியம்மாவுக்கு கத்திரிக்கா மட்டுந்தானா? அடியில இன்னாமோ புஸ்தகம் கீதே."

பின்னால் வேறு இரண்டு மூன்று பேர் நின்றார்கள். குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னேன். அவர் டிக்கெட்டை எடுத்துத் தேதி குத்தினார். கம்பிக்கு இடையே நீட்டும்போது பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பெரியம்மாவை நான் கேட்டேன்னு சொல்லு."

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்து பிறகு பேசினார். அதிலிருந்து பல வருஷம் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வந்தேன். சீசன் டிக்கெட்காரிக்கு ஜன்னலில் வேலை இல்லை. ஆனாலும் காலையில் என்னைக் கண்டால் உள்ளே இருந்து குரல் வரும். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமை ஆச்சே, இன்னாத்துக்கு போற?" ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏற முடியும்.

சிலருக்கு இது வேடிக்கை. சிலருக்குப் பெரிய தொல்லை. எங்கள் ஊரில் கட்டட மேஸ்திரி ஒருவர் இருந்தார். வாரம் ஒருமுறை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாலாஜாபாத்துக்கு டிக்கெட் கேட்பார். காரணம் கேட்டால் "சொசைட்டிக்கு" என்பார். அந்த சொசைட்டிக்கு மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது ஊருக்கே தெரியும். டிக்கெட்டம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்: "சொசைட்டியில எல்லாரும் சௌக்கியமா? சின்னதுக்கு பல்லு மொளைச்சிடுச்சா?" மேஸ்திரி டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மேட்டின் கோடியில் நின்றுகொள்வார்.

மண்ணூரில் பெண் பார்க்கப் போனவன், காஞ்சிபுரத்தில் வழக்குக்குப் போனவன், பட்டணத்தில் கண் ஆபரேஷனுக்குப் போனவன் எல்லாரும் அங்கே நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்து இறங்கும்போது டிக்கெட்டம்மா வாசலில் நிற்பார். பொண்ணு எப்படி, தீர்ப்பு இன்னா ஆச்சி, கட்டு எப்ப பிரிப்பாங்க என்று கேட்பார். ஒன்றையும் மறக்கமாட்டார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லவும் மாட்டார். மேஸ்திரியின் மனைவிக்கு சொசைட்டி விஷயம் தெரிந்தது வேறு யாரோ சொல்லித்தான்.

எதற்காக இப்படிக் கேட்கிறார் என்பதற்கு ஊரில் கதைகள் இருந்தன. அவருடைய தங்கை ஒருத்தி ரயில் ஏறிப்போய்த் திரும்பி வரவே இல்லை என்று ஒரு கதை. அவர் கையால் டிக்கெட் வாங்கிக்கொண்டுபோன ஒருவன் எங்கோ போய்த் தண்டவாளத்தில் தலை வைத்துவிட்டான் என்று இன்னொரு கதை. ஒருநாள் வண்டி வரத் தாமதம். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவரையே கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார். "நான் குடுக்கற சீட்டுலதான போறாங்க? அப்ப கேக்க வேணாமா? கேக்கணும்னு தோணுது, கேக்கறேன்."

அவர் கேட்காமல் டிக்கெட் கொடுத்த ஒரு நாளை எனக்குத் தெரியும். நான் அப்போது அங்கேதான் நின்றேன். வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரு சின்னப் பெண் வந்தது. கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. புடவைத் தலைப்பை முழங்கை வரை இழுத்துச் சுற்றியிருந்தாலும் கையில் சூடு பட்ட கொப்புளம் தெரிந்தது. "அரக்கோணம்," என்று மட்டும் சொன்னது. டிக்கெட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட்டைக் கொடுத்து, பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வண்டி வந்து நின்ற பிறகு தானே கூட்டிக்கொண்டுபோய்ப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் மாமனாரும் புருஷனும் வந்தார்கள். புருஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"எங்க போனா அவ? உன்னாண்டதான டிக்கெட்டு வாங்கியிருப்பா!"

"நெறய பேரு வாங்கறாங்க."

"எல்லாரையும் இன்னாத்துக்குன்னு கேப்பியே? அவளை கேக்கல?"

"கேக்கலியே," என்றார் டிக்கெட்டம்மா. "கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும். அது சொல்லியிருந்தா நீ என்னை அடிச்சி வாங்கிக்கினு போயிடுவ. அதான் கேக்கல."

அவன் கம்பியை விட்டுவிட்டான். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கு ஒரு டிக்கெட்டம்மா இருந்தால் போதும் என்று எக்ஸ்சேஞ்சில் எல்லாரிடமும் சொன்னேன்.

இதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, என் தங்கை வசந்தா அந்த ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

வசந்தா என்னைவிட நாலைந்து வயது சின்னவள். படிப்பு ஏறவில்லை. எங்கள் வயலில் உழ வந்த டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த தேவராஜ் என்ற பையனோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவன் காலனிப் பையன். அரசல்புரசலாக விஷயம் வெளியே தெரிந்ததும் எங்கள் சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் போய் அவனை அடித்தார்கள். அவன் ஊரை விட்டுப் போய்ச் செங்கல்பட்டில் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் சேர்ந்துகொண்டான். அதோடு முடிந்தது என்று வீட்டில் நினைத்தோம். முடியவில்லை. ஒருநாள் நான் காலை வண்டியில் வேலைக்குப் போன பிறகு, அடுத்த வண்டிக்கு வசந்தா ஒரு பையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். செங்கல்பட்டு ஸ்டேஷனில் அவன் காத்திருப்பதாக ஏற்பாடு.

டிக்கெட்டம்மா அவளையும் கேட்டார். வசந்தாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டாள்.

"அவன் எங்க?" என்றாராம் டிக்கெட்டம்மா.

"அங்க நிக்கறாரு."

"இங்க வந்து கூட்டிக்கினு போக மாட்டானா?"

அதற்கு மேல் டிக்கெட் தரவில்லை. வசந்தா கெஞ்சினாள், கம்பியில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். டிக்கெட் இல்லாமலே ஏறிவிடலாம் என்று ஓடப் பார்த்தபோது அவர் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வந்து நின்று போய்விட்டது. பிறகு வசந்தாவைத் தானே நடத்திக் கூட்டிவந்து வீட்டில் விட்டார். "வயித்துவலின்னு ஸ்டேஷன்ல குந்திக்கினு இருந்துச்சி," என்று அப்பாவிடம் ஒரு பொய்யும் சொன்னார். அப்பா பையைத் திறந்து பார்த்தார். உள்ளே அவளுடைய புடவைகள் அத்தனையும் இருந்தன.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது வசந்தாவின் கன்னம் வீங்கியிருந்தது. ஒரே மாதத்தில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் அத்தை மகனுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. வசந்தாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர், மாட்டையும் நிலத்தையும் தவிர வேறு எதிலும் நாட்டம் இல்லாதவர். கல்யாணத்தன்று வசந்தா யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் ஜன்னலுக்குப் போனேன்.

"நான் பொய் சொன்னப்ப எனக்கு டிக்கெட்டு குடுத்தீங்க. அவ உண்மையைச் சொன்னா. அவளுக்கு ஏன் குடுக்கல?"

அவர் ஆத்திரப்படவில்லை. "உன் கையில படிப்பு இருந்துது," என்றார். "அது கையில இன்னா இருந்துது? அவன் ஒருத்தன்தான். அவனும் வரல. ஆசை வெச்சவன் வந்து கூட நின்னிருந்தா ரெண்டு டிக்கெட்டா குடுத்து ஏத்தி வுட்டிருப்பேன். பொட்டப்புள்ளைய தனியா வரச்சொல்றவனை நம்பி எப்படி அனுப்பறது? அங்க போயி அவன் இல்லன்னா?"

அவர் சொல்வது நியாயம்போலவும் இருந்தது, அநியாயம்போலவும் இருந்தது. கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவர் குடையை என் கையில் திணித்தார். பேச்சு மறுபடி வந்துவிட்டது. வசந்தா மட்டும் ஊருக்கு வந்தால் ஸ்டேஷன் பக்கமே போகமாட்டாள். ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாட்டு வண்டியில் சுற்றிக்கொண்டு வருவாள், அப்படியே போவாள். டிக்கெட்டம்மா என்னிடம் அவளைப்பற்றி விடாமல் விசாரிப்பார். குழந்தை பிறந்ததா, பையனா பெண்ணா, பால் இருக்கிறதா என்று கேட்பார். நான் சொல்லுவேன். அவர் கேட்டதை வசந்தாவிடம் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரகடம் ரோட்டில் பஸ் விட்டார்கள். முதலில் ஒன்று, பிறகு அரை மணிக்கு ஒன்று. ரயில் எப்போது வரும் என்று வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜனம் ரோட்டுக்குப் போய் நிற்கத் தொடங்கியது. கண்டக்டர் "எங்க?" என்று மட்டும்தான் கேட்பார், அதற்கு மேல் கேட்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் ஹால்ட்டில் வண்டி நிற்கும், ஓரிரண்டு பேர் இறங்குவார்கள், புகையை விட்டுக்கொண்டு போய்விடும். கடைசியில் ரயில்வேயிலிருந்து தகவல் வந்தது. ஒருவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார், ஆள் இல்லை என்றால் ஹால்ட்டை மூடிவிடுவார்கள்.

பிள்ளையார் கோவில் முன்னால் ஊர் கூடியது. மேஸ்திரி எழுந்து, "இவங்க கேக்கற கேள்விக்கு பயந்துகினுதான் சனம் பஸ்ஸுல போவுது. ஸ்டேஷனை மூடறதே இவங்களாலதான்," என்றார். சிலர் ஆமாம் என்றார்கள். டிக்கெட்டம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் சத்தத்தை அடக்கிவிட்டு ஒரு யோசனை சொன்னார். அந்த ஒரு வாரமும் ஊரில் நடக்க முடிந்த அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி வண்டி ஏறவேண்டும். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடந்து வந்தாலும் சரி.

முதல் நாள் காலையில் மேடு கொள்ளாத கூட்டம். ரயில்வே அதிகாரி நாற்காலி போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டம்மா சும்மா டிக்கெட்டைக் கொடுத்துத் தள்ளுவார் என்றுதான் நினைத்தோம். முதலில் நின்ற கிழவரைப் பார்த்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு?" என்றார்.

"இன்னாம்மா இது, தெரியாதா உனக்கு? ஸ்டேஷனுக்காவத்தான்."

"அதுக்கெல்லாம் டிக்கெட்டு இல்ல. எங்கியாவது போறதா இருந்தா சொல்லு."

கிழவர் விழித்தார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கிழவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "வாலாஜாபாத்துல எந்தங்கச்சி கீது. பாகப்பிரிவினையில சண்டை போட்டுக்கினு பேச்சே இல்ல. அங்க வேணா போறேன்," என்றார்.

"போ. போயி பார்த்துட்டு வா," என்று டிக்கெட் கொடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் இதுதான் நடந்தது. அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்பலாம் என்று வந்தவர்கள் ஜன்னலில் நின்று ஏதாவது ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. தேடியபோது எல்லாரிடமும் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த சம்பந்தியைப் பார்க்கப் போனார் ஒருவர். வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனாள் ஒருத்தி. மேஸ்திரி தன் பெண்டாட்டியையே கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் கோவிலுக்குப் போனார்.

அந்த வாரத்தில் வசந்தா ஊருக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசி நாள் வீட்டில் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போவதைப் பார்த்து, "நானும் வரேங்க்கா. செங்கல்பட்டுல ஒரு வேலை கீது," என்றாள். ஆச்சரியமாக இருந்தாலும் நான் எதுவும் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த ஜன்னலில் போய் நின்றாள்.

"செங்கல்பட்டுக்கு ஒண்ணு."

டிக்கெட்டம்மா அவளைப் பார்த்தார். உடனே டிக்கெட்டை எடுத்துத் தேதி குத்தி நீட்டினார்.

வசந்தா நகரவில்லை. "எல்லாரையும் கேட்டீங்க. என்னை கேக்கலியா?"

"உன்னை ஒரு தபா கேட்டேன். போதும்," என்றார்.

செங்கல்பட்டில் இறங்கி நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அவள் வேறு பக்கம் போனாள். சாயங்காலம் திரும்பும் வண்டிக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். எங்கள் ஹால்ட்டில் இறங்கியதும், "நீ முன்னால போக்கா. நான் பின்னால வரேன்," என்றாள். வரப்பில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவளும் டிக்கெட்டம்மாவும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைத்த பிறகுதான் வசந்தா வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாளிலிருந்து டிக்கெட்டம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை.

காசை வாங்குவார், டிக்கெட்டைக் கொடுப்பார், அவ்வளவுதான். ஊரில் யாருக்கும் காரணம் புரியவில்லை. கூட்டத்தில் பேசிய பேச்சில் மனம் உடைந்துவிட்டது என்று மேஸ்திரி வருத்தப்பட்டார். ஒருநாள் அவர் ஜன்னலில் டிக்கெட்டை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்றார். "வாலாஜாபாத்துல ஒரு கட்டடம், கூரை போடறோம். அதுக்குத்தான் போறேன்," என்று தானாகவே சொன்னார். டிக்கெட்டம்மா தலையை ஆட்டினார். அவரைப்போல மற்றவர்களும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் வாசலில் நின்று, இன்றைக்கு வர நேரமாகும், கணக்கு முடிக்கும் நாள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரக் கூட்டம் ஒன்றுக்கும் உதவவில்லை. அதற்கு அடுத்த மாதங்களிலும் ஆள் ஏறுகிறார்களா என்று ரயில்வே பார்த்திருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஹால்ட்டை மூடினார்கள். கடைசி நாளைப் பார்ப்பதற்கென்றே சாயங்கால வண்டியில் நான் வந்து இறங்கினேன். மாலை, மேளம் எதுவும் இல்லை. என்ஜின் டிரைவர் மட்டும் டிக்கெட்டம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போனார். இரண்டே நாளில் ஆட்கள் வந்து பெயர்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஓடுகளை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அரக்கோணத்தில் நாத்தனார் மகன் வீடு இருக்கிறது, போய்விடுவேன் என்று டிக்கெட்டம்மா சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் அதற்குள் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் குடியிருந்தேன். ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், மாமியார் வேறு. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைப்பாக்கத்திலிருந்து மாட்டு வண்டி வந்தது. வசந்தாவே வந்திருந்தாள். டிக்கெட்டம்மாவின் டிரங்குப் பெட்டியையும் இரண்டு அலுமினியப் பாத்திரத்தையும் எடுத்து வண்டியில் வைத்தாள்.

"எங்கடி கூட்டிக்கினு போற?" என்றார் டிக்கெட்டம்மா.

"எங்க வூட்டுக்கு. மாடு நாலாயிடுச்சி. பார்த்துக்க ஆள் இல்ல."

அவர் ஏறிக்கொண்டார். வசந்தாவின் புருஷன் அவருக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓலை போட்டு ஒரு இடம் கட்டிக்கொடுத்தார். அங்கேயே கடைசிவரை இருந்தார். வசந்தாவும் அவரும் கொஞ்சிக் குலாவிக்கொண்டு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தவிடு அதிகமாகப் போட்டுவிட்டதாக இவள் திட்டுவாள், குழம்பில் உப்பு இல்லை என்று அவர் முணுமுணுப்பார். வசந்தாவின் பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிட்டார்கள். நான் எப்போதாவது போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் உள்ள ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் எதற்கு வந்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு தை மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். வசந்தாவின் மூத்த பையன் கொள்ளி வைத்தான். காரியம் முடிந்த மறுநாள், கொல்லையில் வசந்தா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சிலர் சங்கிலி பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். ஏதோ கம்பெனி வரப்போகிறதாம்.

"அவங்களை ஏன் கூட்டிக்கினு வந்த?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

வசந்தா உளுந்தைக் கொட்டிவிட்டு மறுபடி அள்ளினாள்.

"ஊரே வண்டி ஏறின அந்த வாரம் செங்கல்பட்டுக்கு போனனே, தேவராஜைப் பார்க்கத்தாங்க்கா போனேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன். சொந்தமா ஒர்க்ஷாப்பு வெச்சிக்கினு கீறாரு. வூட்டுக்காரி, பசங்க எல்லாம் கீறாங்க. முன்னால வழுக்கைகூட வுழுந்துடுச்சி," என்று லேசாகச் சிரித்தாள். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அன்னிக்கு ஸ்டேஷனுக்கு வந்தியா, வரலியான்னு. வந்தாராம். காலையில இருந்து கடைசி வண்டி வரைக்கும் அங்கியேதான் நின்னாராம். மறுநாளும் வந்தாராம். சாயங்காலம் நீ வண்டி ஏறறதைக்கூட பார்த்தாராம். உன்னாண்ட கேக்கலாம்னு கிட்ட வந்துட்டு, பயந்துகினு திரும்பிட்டாராம்."

அந்தச் சாயங்காலத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கூட்டத்தில் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"நம்மூரு ஸ்டேஷனுக்கு அவரு எப்படிக்கா வந்து நிப்பாரு? வந்திருந்தா கை காலோட வுட்டிருப்பாங்களா?" என்றாள் வசந்தா. "அதை அந்தம்மா யோசிக்கவே இல்ல."

"அவங்களாண்ட இதைச் சொன்னியா?"

"அன்னிக்கு சாயங்காலமே சொன்னேன். அதுக்குத்தான் உன்னை முன்னால போவச் சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"வாயால ஒண்ணும் சொல்லல. பெஞ்சில குந்திக்கினு இருந்தோம். நான் சொல்லி முடிச்சதும் அவங்க எழுந்து நின்னுட்டாங்க. நான் குந்திக்கினு கீறேன், அவங்க எதிர்ல கையைக் கட்டிக்கினு நிக்கறாங்க. அவங்க வயசு இன்னா, என் வயசு இன்னா!"

"உக்காருங்கன்னு சொல்லலியா நீ?"

"உடனே சொல்லலக்கா. நிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த அரக்கோணம் வண்டி வந்து நின்னுட்டு போற வரைக்கும் அப்படியே நின்னாங்க. அப்புறந்தான் உக்காருங்கன்னு சொன்னேன்."